மூன்றே ஆண்டில் பட்டம் என்கிறார் நெறியாளர்: சேரலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். வயது 27. அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மின்னணுவியலில் பி.இ.யும் வி.எல்.எஸ்.ஐ. எனப்படும் சில்லு வடிவமைப்பில் எம்.இ.யும் முதல் வகுப்பில் முடித்துவிட்டு, மாவட்டத்திலேயே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்று ஆண்டுகளாக உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். நானோ மின்னணுப் பொருட்களில் ஆராய்ச்சி செய்து பேராசிரியராக வேண்டும் என்பது என் ஆசை. பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு இடம் இருக்கிறது. துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களில் தலைப்பு தயார், மூன்றே ஆண்டில் முடித்துவிடலாம் என்கிறார் நெறியாளர். வெளியே முழுநேரமாகச் சேர்ந்தால் வேலையை விட வேண்டும். "படிச்சது போதும் மக்களே" என்கிறார் அம்மா. இயற்பியலை முதலாண்டில் படித்ததோடு சரி. இந்தத் துறையில் எனக்கு எதிர்காலம் உண்டா? ஊரிலிருந்தபடியே இதைச் செய்ய முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

எதிர்காலம் உண்டு. ஊரிலிருந்தபடியே செய்ய முடியுமா என்றால், பெரும்பகுதி முடியும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஏற்பாட்டின்படி முடியாது. உங்கள் கடிதத்தில் தலைப்பு இருக்கிறது, கால அளவு இருக்கிறது, நெறியாளரின் வாக்குறுதியும் இருக்கிறது. எந்தக் கருவியில், யாருடைய ஆய்வகத்தில், உங்கள் கையால் எதை அளக்கப்போகிறீர்கள் என்பது மட்டும் ஒரு வரிகூட இல்லை. நானோ மின்னணுவியலில் மின்காப்புப் படலங்களை ஆராய்ந்து, அதையே மாணவர்களுக்கும் கற்பித்துவரும் ஒருவன் என்ற முறையில், நான் முதலில் கேட்பது அந்த ஒரு வரியைத்தான்.

பேராசிரியர் என்ற பதவியையும் ஆராய்ச்சி என்ற தொழிலையும் நீங்கள் ஒன்றாக வைத்துப் பேசுகிறீர்கள். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக நுழைய உங்களுடைய எம்.இ. போதும். இணைப் பேராசிரியராக வேண்டுமானால் முனைவர் பட்டமும், 8 ஆண்டு அனுபவமும், அதில் பட்டத்துக்குப் பிந்தைய 2 ஆண்டுகளும், ஏற்கப்பட்ட ஆய்விதழ்களில் 6 கட்டுரைகளும் தேவை. அதே விதிகள் உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியமாக 57,700 ரூபாயைக் குறிப்பிடுகின்றன. சுயநிதிக் கல்லூரியில் மாதம் எவ்வளவு கைக்கு வருகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எப்படியாவது ஒரு முனைவர் பட்டம் வாங்கினால் பதவி உயர்வுக்கான கதவு திறக்கும் என்பது உண்மைதான். அது மட்டுமே உங்கள் நோக்கமானால், பக்கத்துக் கல்லூரி ஏற்பாடு அதற்குப் போதும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் நீங்கள் ஆசைப்படுவது நானோ மின்னணுப் பொருட்களை ஆராயும் வாழ்க்கைக்கு. அதற்கு அந்தப் பட்டம் போதாது.

இந்தத் துறை எப்படி நகர்கிறது என்பதற்கு நம் குமரி மாவட்டத்து மண்ணிலிருந்தே தொடங்கலாம். மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் கனிமங்களில் சிர்கானும் ஒன்று. சிர்கானில் சிர்கோனியத்தோடு ஹாஃப்னியம் என்ற தனிமமும் சிறிதளவு ஒட்டிக்கொண்டே இருக்கும். ஹாஃப்னியம் நியூட்ரான்களை விழுங்கிவிடுவதால், அணு உலைக்கான சிர்கோனியத்தைச் செய்கிறவர்கள் அதைப் பிரித்து ஒதுக்கியாக வேண்டும். இப்படி ஒதுக்கப்படும் தனிமத்தின் ஆக்சைடுதான் இன்று உங்கள் கைப்பேசிச் சில்லின் டிரான்சிஸ்டர்களில் மின்காப்புப் படலமாக இருக்கிறது. முன்பு அந்த இடத்தில் சிலிக்கான் டை ஆக்சைடு இருந்தது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கச் சிறிதாக்க அந்தப் படலமும் மெலிந்து, ஏறத்தாழ 1.2 நானோமீட்டருக்கு வந்தது. அதாவது சில அணு அடுக்குகள். அவ்வளவு மெலிந்த காப்பின் ஊடே எலக்ட்ரான்கள் குவாண்டம் ஊடுருவல் முறையில் கடந்துபோகத் தொடங்கின. சில்லு சும்மா இருக்கும்போதும் மின்சாரம் கசிந்தது. ஒரு காப்புப் பொருள் மின்னூட்டத்தைத் தேக்க எவ்வளவு உதவும் என்பதைச் சொல்லும் எண்ணான மின்காப்பு மாறிலி, சிலிக்கான் டை ஆக்சைடுக்கு 3.9, ஹாஃப்னியம் ஆக்சைடுக்கு 20ஐ ஒட்டி. ஆகவே 1.2 நானோமீட்டர் சிலிக்கான் டை ஆக்சைடு தரும் அதே மின்தேக்கத்தை, கணக்குப்படி 6 நானோமீட்டர் தடிமனுள்ள ஹாஃப்னியம் ஆக்சைடு தந்துவிடும். தடிமன் கூடினால் ஊடுருவல் சடசடவென்று குறையும். இன்டெல் நிறுவனம் 2007இல் 45 நானோமீட்டர் தலைமுறைச் சில்லுகளில் இதைப் புகுத்தியது.

எழுதும்போது ஒரு பத்தியில் முடிந்துவிடும் இந்த மாற்றத்துக்குப் பின்னால், படலத்துக்கும் சிலிக்கானுக்கும் இடையிலுள்ள எல்லைப் பரப்பில் எத்தனை மின்னூட்டங்கள் மாட்டிக்கொள்கின்றன என்று பல ஆண்டுகள் அளந்துகொண்டே இருந்த ஆட்கள் இருக்கிறார்கள். அதோடும் கதை முடியவில்லை. ஏறத்தாழ 10 நானோமீட்டர் மெல்லிய ஹாஃப்னியம் ஆக்சைடில் சிறிது சிலிக்கானைக் கலந்தால் அது ஃபெர்ரோ மின்பண்பைக் காட்டுகிறது, அதாவது மின்னழுத்தத்தை எடுத்த பிறகும் தன் மின்முனைவை நினைவில் வைத்திருக்கிறது என்று 2011இல் ஜெர்மனியில் பணியாற்றிய ஒரு குழு அறிவித்தது. முழுக்கத் தெரிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்திருந்த ஒரு பொருளிலிருந்து, நினைவகச் சில்லுகளுக்கான புதிய கிளையே அப்போது முளைத்தது. அதை வெளியே கொண்டுவந்தது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி எடுத்த பொறுமையான அளவீடுதான்.

இப்போது உங்கள் முன்னால் இருக்கும் தலைப்புக்கு வருகிறேன். துத்தநாக ஆக்சைடின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி கொண்ட நல்ல குறைகடத்தி அது. அதோடு இண்டியமும் காலியமும் சேர்ந்த கலவைதான் இன்று பல திரைகளின் பின்னால் டிரான்சிஸ்டராக வேலை செய்கிறது. குறை, நம் கல்லூரிகளில் அதை வைத்து ஆய்வேடு எழுதும் விதத்தில் இருக்கிறது. உப்புக் கரைசலை ஆட்டோகிளேவ் என்ற மூடிய அழுத்தக் கலனில் வைத்துச் சூடாக்கினால் வெள்ளைப் பொடி கிடைக்கும். அதைச் சிறு குப்பியில் போட்டு, கட்டணத்தோடு ஏதாவது ஒரு மையத்துக்கு அனுப்பினால், எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவுப் படமும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படமும் மின்னஞ்சலில் வந்து சேரும். "சாம்பிள் அனுப்பினோம், ரிப்போர்ட் வந்தது" என்று ஆய்வு மாணவர்களே சொல்வார்கள். அந்தக் கருவியின் கதவை ஒருமுறைகூடத் திறந்து பார்த்திராதவர் அந்தப் படத்தை விளக்கி ஒரு கட்டுரை எழுதுகிறார். அடுத்த ஆண்டு கொஞ்சம் மாங்கனீசு சேர்த்து இன்னொரு கட்டுரை, அதற்கடுத்த ஆண்டு கோபால்ட். மூன்று ஆண்டில் பட்டம் வந்துவிடும், நெறியாளர் பொய் சொல்லவில்லை. ஆனால் தலைப்பில் மின்னணுவியல் இருக்க, ஆய்வேட்டில் ஓர் ஆம்பியர் அளவீடுகூட இல்லாமல் வெளிவருபவரை, ஐ.ஐ.டி., என்.ஐ.டி. நேர்காணல் குழுவோ சில்லு தயாரிப்பு நிறுவனமோ என்ன கேட்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நான் எதை அளவீடு என்கிறேன் என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நகக்கண் அளவுள்ள சிலிக்கான் துண்டை எடுத்து, அம்மோனியா, ஹைட்ரஜன் பெராக்சைடு, நீர் கலந்த கரைசலில் 75 டிகிரிக்குச் சற்று மேலாகப் பத்து நிமிடம் கழுவி, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முக்கி, பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவையில் மீண்டும் கழுவுகிறோம். அதன்மேல் ஆக்சைடு படலத்தைப் படியவைத்து, சிறு துளைகளிட்ட உலோகத் தகட்டின் வழியே அலுமினியத்தை ஆவியாக்கினால், படலத்தின்மேல் புள்ளி புள்ளியாக மின்முனைகள் அமையும். ஒளி புகாத பெட்டிக்குள் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே, டங்ஸ்டன் ஊசியை ஒரு புள்ளியின்மீது இறக்க வேண்டும். அழுத்தம் கூடினால் ஊசி படலத்தைக் குத்திக்கொண்டு கீழே போய்விடும், குறைந்தால் தொடுகையே கிடைக்காது. பிறகு மின்னழுத்தத்தை எதிர்மத்திலிருந்து நேர்மத்துக்கு ஏற்றி, அதே வழியில் இறக்கி, மின்தேக்கத்தைப் பதிவு செய்கிறோம். ஏறும்போது வந்த கோடும் இறங்கும்போது வந்த கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் படலம் சுத்தம். இடையில் இடைவெளி விழுந்தால் எங்கோ மின்னூட்டம் மாட்டியிருக்கிறது. எங்கே, எவ்வளவு, ஏன் என்று தேடுவதுதான் ஆராய்ச்சி. இதில் நம்மூருக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால், காற்றில் ஈரம் ஆண்டின் பெரும்பகுதி குறைவதே இல்லை. ஈரக் காற்றில் சுழற்றிப் பூசிய சால்-ஜெல் படலம் (கரைசலைக் கூழாக்கிப் பெறும் படலம்) பால்போல் வெளுத்துவிடும். உலர்பெட்டியில் வைக்க மறந்த மாதிரி, மறுநாள் கசிவு மின்னோட்டத்தைக் கூட்டிக் காட்டும். மாதிரியை வெளியூருக்கு அனுப்பி அறிக்கை வாங்குகிறவருக்கு இது கடைசிவரை தெரியாது. எந்த முடிவு பொருளின் குணம், எந்த முடிவு ஈரத்தின் குணம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரைத்தான் இந்தத் துறை ஆய்வாளர் என்று ஏற்கும்.

ஆகவே எந்த நெறியாளரிடம் போனாலும், தலைப்பைப் பேசுவதற்கு முன் அவரது ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். படலம் படியவைக்கும் கருவி எது, ஊசிமுனை அளவீட்டு மேடை இருக்கிறதா, சாதனத்தின் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளக்கும் குறைகடத்திப் பண்பளவி வேலை செய்கிறதா அல்லது உறை போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அவரிடம் பட்டம் பெற்ற கடைசி இருவர் இப்போது எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களில் ஒருவரோடு, நெறியாளர் அருகில் இல்லாதபோது, தொலைபேசியில் பேசுங்கள். பணம் கொடுத்தால் சில வாரங்களில் அச்சிடும் இதழ்களில் அவருடைய கட்டுரைகள் வந்திருந்தால் அங்கேயே விடைபெற்றுவிடுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பக்கத்தில் நினைப்பார்கள். நல்ல நெறியாளர் இதற்குக் கோபப்படுவதில்லை. கோபப்பட்டால் அதுவே உங்களுக்கு விடை.

வெளியே என்றதும் சென்னையையும் பெங்களூரையும் மட்டுமே நினைத்து உங்கள் வீடு அஞ்சுகிறது என்று கடிதத்திலிருந்து உணர்கிறேன். நோய் முற்றினால் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளான ஆர்.சி.சி.க்கும் ஸ்ரீசித்திரைக்கும் தயங்காமல் வண்டி ஏறுகிற நாம், படிப்பென்று வரும்போது மட்டும் கேரள எல்லையான களியக்காவிளையோடு உலகம் முடிந்துவிட்டதாக நினைப்பது ஏனோ தெரியவில்லை. உங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரம் போகும் அதே சாலையில், பாப்பனங்கோட்டில், சி.எஸ்.ஐ.ஆர்.-என்.ஐ.ஐ.எஸ்.டி. என்ற தேசிய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பொருளறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு அங்கே நடக்கிறது. விதுரையில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான ஐசர், வலியமலையில் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி., காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் ஒளிமின்னணுவியல் துறை ஆகியவையும் உண்டு. முழுநேரமாகச் சேர்ந்துவிட்டு, சனிக்கிழமை மாலை குழித்துறை ரயில் நிலையத்தில் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம். அம்மாவிடம் பேசும்போது இந்தத் தூரத்தைச் சொல்லிப் பேசுங்கள். ஆராய்ச்சியின் பெருமையைச் சொல்வதைவிட அது பலன் தரும்.

பணத்தைப் பற்றியும் வீட்டில் எண்களோடு பேச வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த வீதப்படி இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். முதுநிலைக்கு உயரும்போது 42,000 ரூபாய். இது உங்கள் இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவா என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், வேலையை விடுவது என்ற சொல்லின் பாரம் பாதியாகிவிடும் என்று நினைக்கிறேன். மே, ஜூன் மாதங்களில் மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாக அனுப்பப்படும் வேலையும் அதோடு ஒழியும். அங்கீகாரக் கோப்புகளைத் தைக்கும் வேலையும் போகும். உதவித்தொகைக்கு நிரந்தரம் இல்லை என்பது உண்மை. ஐந்தாண்டுகள் போல ஓடும், சில மாதம் தாமதமாகவும் வரும். ஆகவே சேரும் முன் மூன்று மாதச் செலவுக்கான தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

எம்.இ. முடித்தவர்களுக்கு, பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தகுதித் தேர்வான கேட் மதிப்பெண் கட்டாயமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் மதிப்பெண் கையில் இருந்தால் எந்த வாசலிலும் தயங்கி நிற்க வேண்டியதில்லை; மூன்று ஆண்டுகளுக்கு அது செல்லும். விண்ணப்பம் பொதுவாக ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். உங்கள் துறைத் தாளையே எழுதுங்கள். புதிதாக இயற்பியல் தாளை எழுதும் விபரீதம் வேண்டாம்.

இயற்பியல் குறைவு என்ற அச்சத்துக்கு நீங்கள் கொடுத்திருக்கும் இடம் அதிகம். ஆற்றல் பட்டை வரைபடத்தை வரைய உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டை ஏன் தோன்றுகிறது என்பதுதான் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்ப, என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் குவாண்டம் இயக்கவியல் அறிமுகம் ஒன்றும் திண்மநிலை இயற்பியல் ஒன்றும், கணக்குகளைக் கையால் போட்டுப் படித்தால், ஓராண்டு போதும். வேதியியல் பின்னணியிலிருந்து இத்துறைக்கு வருகிறவர்கள் சுற்று, இரைச்சல், அதிர்வெண் என்றால் தடுமாறுவார்கள். உங்களுக்கு அது கைவந்த கலை என்பதைச் சொல்லாமலே விட்டுவிட்டீர்கள்.

குடும்பச் சூழலால் முழுநேரம் எவ்வகையிலும் இயலாது என்றானால், பகுதிநேரத்தையும் நேர்மையாகச் செய்ய வழி இருக்கிறது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் ஐ.என்.யு.பி. என்ற திட்டத்தின் வழியே, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், மும்பை, சென்னை, டெல்லி, கரக்பூர், குவாஹாத்தி ஐ.ஐ.டி.க்கள் ஆகியவற்றின் தூய அறைகளை (தூசியற்ற சாதனத் தயாரிப்புக் கூடங்களை) வெளிக்கல்லூரி ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் பயன்படுத்தலாம். முதலில் சில நாள் அறிமுகப் பயிலரங்கு, அதன்பின் கைப்பயிற்சி, அதன்பின் உங்கள் சொந்த ஆய்வுத் திட்டம் என்று படிப்படியாகப் போகும். கோடை விடுமுறையில் அங்கே சாதனத்தைச் செய்துகொண்டுவந்து, ஆண்டு முழுதும் ஊரில் அளப்பதும், கணினியில் உருவகப்படுத்துவதும் என்று பிரித்துக்கொள்ளலாம். குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு பொருளின் ஆற்றல் பட்டைகளைக் கணக்கிட ஒரு நல்ல கணினி இருந்தால் போதும். இதற்கு ஒப்புக்கொள்ளும் நெறியாளரும், விடுப்பு தருவதாக எழுத்தில் தரும் கல்லூரியும் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் மூன்று ஆண்டைக் குறைந்தபட்சமாகவும் ஆறு ஆண்டை உச்சமாகவும் வைத்திருக்கின்றன; பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. இந்த வழியில் போனால் ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும் என்றே திட்டமிடுங்கள்.

பட்டத்துக்குப் பிறகு என்ன என்றும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஐ.ஐ.டி.க்களில் நேரடியாக உதவிப் பேராசிரியராக, பட்டத்துக்குப் பின் பொதுவாக மூன்று ஆண்டு அனுபவம் எதிர்பார்க்கிறார்கள். ஆகவே வெளியே சில ஆண்டு முதுமுனைவர் ஆய்வு, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, பெரும்பாலும் தேவைப்படும். அரசுப் பொறியியல் கல்லூரி இடங்கள் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியே, எப்போதாவதுதான் வரும். அதை நம்பி மட்டும் இருக்கலாகாது. 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாயில் மத்திய அரசு அறிவித்த குறைகடத்தித் திட்டத்துக்குப் பிறகு, தோலேராவில் டாடா குழுமத்தின் சில்லு ஆலை போன்றவை வந்துகொண்டிருக்கின்றன. அங்கே தேவைப்படுவது படலத்தை அளந்து பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆட்கள். ஊருக்கே திரும்பித் தனியார் கல்லூரியில் பணியாற்றினாலும், பெரிய ஆய்வகம் ஒன்றோடு இணைந்து பகுதியாக ஆராய்ச்சி செய்ய முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்களுக்கென்றே 'டேர்' என்ற உதவித்திட்டம் அறிவியல், பொறியியல் ஆய்வு வாரியமான எஸ்.இ.ஆர்.பி.யால் தொடங்கப்பட்டது, அந்த அமைப்பின் பணிகளை இப்போது அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை ஏற்றிருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. திருவனந்தபுரத்து நிறுவனங்களின் இணையப் பக்கங்களில் மெல்லிய படலம், சாதனம் என்று எழுதியிருக்கும் மூன்று பேராசிரியர்களைத் தேர்ந்து, ஒவ்வொருவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றை முழுக்கப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரே ஓர் ஐயத்தைக் கேட்டு, தனித்தனியாக மின்னஞ்சல் எழுதுங்கள். மூவருக்கும் ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்பினால் பதில் வராது. பத்து நாளில் மறுமொழி இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதுவரை பக்கத்துக் கல்லூரி நெறியாளரிடம், கேட் முடிவு வரும்வரை அவகாசம் வேண்டும் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். பதிவுக் கட்டணத்தை இப்போது கட்ட வேண்டாம்.